மருந்து இலவசம்... ஏற்றும் கட்டணம் மட்டும் ஏன் உயர்ந்தது? அமெரிக்க மெடிகேர் முடிவின் பின்னணி என்ன?

கொரோனாவுக்கான ஆன்டிபாடி சிகிச்சைக்கு அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில் இருந்தவர்கள் 2021-ல் ஒரு பைசாகூட கட்ட வேண்டியிருக்கவில்லை. 2020 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால், மருந்தை ஏற்றுவதற்காக மருத்துவமனைகளுக்குத் தரும் சராசரி கட்டணத்தை 2021 மே 6-ம் தேதி 310 டாலரில் இருந்து 450 டாலராக மெடிகேர் உயர்த்தியது. வீட்டுக்கே போய் ஏற்றினால் 750 டாலர் என்றானது! மருந்தை அரசே வாங்கி இலவசமாகத் தந்தபோது எதுக்கு இந்தப் பணம்?

மெடிகேர்னா என்ன?

65 வயதைத் தொட்டவர்களுக்கும், குறிப்பிட்ட உடல்நலப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அமெரிக்க மத்திய அரசு நடத்தும் காப்பீடு இது. வெளிநோயாளி சிகிச்சை என்றால் பொதுவாக 20 சதவீதத்தை நோயாளிதான் கட்டணும். ஆன்டிபாடி மருந்தை கொரோனா தடுப்பூசி கணக்கில் சேர்த்ததால் அந்தப் பங்கும் அப்போது இருக்கவில்லை. சுகாதார அவசரநிலை நீடிக்கும் வரை இந்தச் சலுகை உண்டு என்று அப்போது அறிவித்திருந்தார்கள்.

இது என்ன மருந்து?

2020 அக்டோபரில் அப்போதைய அதிபர் டிரம்புக்குக் கொடுத்தாங்களே, ரீஜெனரான் நிறுவனத்தின் ஆன்டிபாடி காக்டெயில்... அந்த வகைதான். ஆய்வகத்தில் தயாரான இந்த ஆன்டிபாடிகள் வைரஸின் ஸ்பைக் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, அது நம் செல்லுக்குள் நுழையாமல் தடுக்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

நேரம்தான். அறிகுறி தொடங்கிய 10 நாளுக்குள் ஏற்றியாக வேண்டியிருந்தது. கொரோனா முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அதாவது, லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்த முதியவர்தான் இதற்குச் சரியான நோயாளி. அவர் டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வந்து, டாக்டர் பரிந்துரைத்து, ஏற்றும் இடத்துக்குப் போவதற்குள் நாட்கள் ஓடிவிட்டன.

மருத்துவமனைக்கும் இது எளிதாக இருக்கவில்லை. மருந்து ஏற சுமார் ஒரு மணி நேரம், அதன்பின் கண்காணிப்பு ஒரு மணி நேரம். தொற்று உள்ளவர் என்பதால், கீமோ எடுக்கும் புற்றுநோயாளிகள் பக்கத்தில் உட்கார வைக்க முடியவில்லை. தனி அறை, தனி நர்ஸ், பாதுகாப்பு உடை எல்லாம் தேவைப்பட்டன. 2020-21 குளிர்காலத்தில் தொற்று உச்சத்தில் இருந்தபோதே பல இடங்களில் இந்த மருந்து பயன்படாமல் கிடந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். அந்தச் செலவை ஈடுகட்டத்தான் 450 டாலர். வெளியே வர முடியாத முதியவர்களைத் தேடிப் போகத்தான் 750 டாலர்.

இந்தியாவில் அப்போது என்ன நிலை?

இதே காக்டெயிலை ரோச், சிப்லா நிறுவனங்கள் 2021 மே 24-ல் இங்கே அறிமுகம் செய்தன. ஒருவருக்கான டோஸ் விலை அப்போது 59,750 ரூபாய். நமக்கு முதல் தடையே விலையாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் அரசு அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் அடுத்த தடை வெளியே தெரிந்தது.

அடுத்து என்ன?

கட்டணம் உயர்ந்ததால் ஏற்றும் மையங்கள் கூடலாம் என்ற எதிர்பார்ப்பு அப்போது இருந்தது. ஆனால் டெஸ்ட் ரிசல்ட் தாமதமானால் 450 டாலரும் உதவாது என்ற நிலைதான். முதல் சில நாட்களிலேயே நோயாளியைக் கண்டுபிடித்து அனுப்பினால்தான், காப்பீட்டில் எழுதிய இலவசம் அவர் உடம்பில் ஏறும் என்றிருந்தது.