கலைஞனுக்கேற்ற கோஷ்டி

மதுரையின் சேது மகளிர் கோஷ்டி 2019-ம் வருஷம் மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் கோஷ்டியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்று, இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. வைகைக் கரையிலும் கால்பந்தாட்டம் தழைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும், கோஷ்டி அமைப்பதில் நம்மவரிடையே நிலவும் ஒரு பிழையான கொள்கையைக் கண்டிக்காதிருத்தல் தகாது.

பிறர் காணாத வழியைக் காணும் ஆட்டக்காரன் எங்கோ ஒருவனே தோன்றுகிறான். மேலூரிலோ திருமங்கலத்திலோ அத்தகைய இளைஞன் கிடைத்தால் அவனை என் செய்கிறோம்? எதிரியின் பின்னே ஓடிக் காவல் காக்கும்படி கட்டளையிடுகிறோம். “பதினொருவரும் சமம், ஒருவனுக்காக மற்றவர் உழைப்பதா?” என்று கேட்கிறோம். சமத்துவம் போற்றத்தக்கதே, ஆனால் எல்லோருக்கும் ஒரே வேலையைத் தருவது சமத்துவமன்று.

1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் நிகழ்ந்ததை நினைவு கூர்வோம். பதின்மர் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் கோஷ்டி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. இடப்புற ஓரத்தில் தலைவர் சிவதாஸ் பாதுரி. அவரை அடுத்து, அவர் மனமறிந்த சகோதரர் பிஜயதாஸ். மோகன் பகானின் முதல் கோலைச் சிவதாஸ் அடித்தார். இறுதிக் கட்டத்தில் அவர் தந்த பந்தை அபிலாஷ் கோஷ் கோலாக்கினார். வல்லவனுக்கு அருகில் அவன் குறிப்பறிவோர் நின்றதன் பயனை இங்கே காண்கிறோம்.

இதையே தெளிந்த திட்டமாக்கியவர் லண்டன் ஆர்சனல் கோஷ்டியின் நிர்வாகி ஹெர்பர்ட் சாப்மன். 1925-ல் ஆப்ஸைட் விதி மாறிய பின் நடு ஹாப்-பேக்கைப் பின்னுக்கு இழுத்தார். அதனால் நடுக்களத்தில் இடைவெளி விழுந்தது. 1929-ல் அலெக்ஸ் ஜேம்ஸை வரவழைத்து, அவ்விடத்திலிருந்து தாக்குதலை நடத்தும் பொறுப்பை அவரிடம் விட்டார். ஜேம்ஸ் முன்போல் கோல் குவிக்கவில்லை. ஆனால் அவர் அனுப்பும் பந்துக்கென்றே இரு ஓரங்களிலும் ஹியூமும் பாஸ்டினும் விரைந்தனர். 1932-33 பருவத்தில் ஓர ஆட்டக்காரரான பாஸ்டின் லீக்கில் 33 கோல்கள் அடித்தார்! 1931 முதல் 1935 முடிய நான்கு முறை லீக் பட்டம் ஆர்சனலுக்கே கிட்டியது. ஒருவருக்கு அளித்த சுதந்திரம் அனைவருக்கும் லாபமாயிற்று.

இது தனிமனித வழிபாடன்று. சுதந்திரம் பெற்றவனுக்குக் கடமையும் உண்டு; தன் புகழுக்காகப் பந்தைப் பிடித்து வைப்பவன் அச்சுதந்திரத்துக்கு அருகனல்லன். அவனை எதிரிகள் இருவர் மூவராகச் சூழ்ந்தால், வெற்றிடத்தில் நிற்கும் தோழனுக்குப் பந்தைத் தருவதே அவன் கலை.

ஆகவே பயிற்சியாளர்களுக்கு நாம் கூறுவது இது: முதலில் அக்கலைஞனைக் கண்டெடுங்கள். அவன் பின்னே பந்தைப் பறித்துத் தரும் உழைப்பாளியையும், முன்னே விரைந்தோடும் இருவரையும் நிறுத்துங்கள். அவன் தவறவிடும் சில பந்துகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சில் வார்த்த பதினொருவரால் தோல்வியைத் தள்ளிப்போடலாம். வெற்றியைப் படைக்க முடியாது.