சர்வே நம்பர் இல்லாத நிலம்

பண்ணைக்காட்டில் நிலம் வாங்குகிறவர் முதலில் கேட்பது சர்வே நம்பர். பிறகு நான்கெல்லை, பட்டா யார் பெயரில், தண்ணீர் எங்கிருந்து, ஜீப் போகுமா. அரை ஏக்கர் காப்பித் தோட்டமானாலும் எல்லைக் கல்லைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு நானும் ஏமாந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் தேக்குத் தோட்டக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டாக வந்தான். "சர்வே நம்பர் என்னப்பா?" என்றேன். "அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும் சார், நீங்க பணத்தை மட்டும் கட்டுங்க" என்றான். ஐயாயிரம் கட்டினேன். இரண்டே வருடத்தில் கம்பெனி கதவைச் சாத்தியது. பையன் இன்றும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். அவன் அம்மாவின் நகையும் அதில்தான் போயிற்று.

அந்தக் கம்பெனியைத் திட்ட இதை எழுதவில்லை. 'இது நிலமா, நிதியா' என்று கேட்டுக்கொண்டே வருடக்கணக்கில் வசூல் நடத்த இடம் கொடுத்த சட்ட ஏற்பாடுதான் என் கோபத்துக்குக் காரணம்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு செபி. அதன் சட்டத்தில் 11ஏஏ என்ற பிரிவு 2000 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பலருடைய பணம் ஒன்றாகச் சேர்கிறது; லாபம் வரும் என்று கொடுக்கிறார்கள்; நிர்வாகம் வேறொருவர் கையில்; பணம் போட்டவருக்கு அன்றாட விஷயத்தில் அதிகாரம் இல்லை. இவை இருந்தால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம். தேக்கோ ஆடோ விவசாய நிலமோ, செபியிடம் பதிவு செய்தாக வேண்டும்.

பிஏசிஎல் பெயர் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். 1999இல் செபி நோட்டீஸ் அனுப்பியது. நாங்கள் விற்பது நிலம், செபிக்கு இங்கே என்ன வேலை என்று அவர்கள் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் போனார்கள். 2003இல் தீர்ப்பு அவர்கள் பக்கம். செபி மேல்முறையீடு செய்தது. செபி விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2013 பிப்ரவரியில்! பணத்தைத் திருப்பிக் கொடு என்று செபி உத்தரவிட்டது 2014 ஆகஸ்டில். தொகை 49,100 கோடி ரூபாய். பணம் போட்டவர்கள் ஐந்தரைக் கோடிக்கும் மேல். 2016இல் நீதிபதி லோதா குழுவை அமைக்கும்படி ஆயிற்று.

பதினைந்து வருடம். அத்தனை வருடமும் ஏஜெண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, நாடாளுமன்றம் எப்படிச் சட்டம் போடலாம் என்றும் வாதம் வந்தது. 2013 மார்ச்சில் பிஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஏழைகள், ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பைக் காக்கவே இந்தப் பிரிவு என்றது. படித்தபோது என்னைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது. இதைச் சொல்ல இத்தனை வருடமா? எங்கள் ஊர்த் தரகரைக் கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லியிருப்பார்: வாங்கியவருக்கு இடம் எது என்றே தெரியாவிட்டால் அது நில விற்பனை இல்லை.

செபிக்கு அதிகாரம் கூடினால் நேர்மையான தொழிலும் நசுங்கும் என்று வக்கீல் நண்பர் வாதாடுகிறார். அந்தப் பயம் நியாயம்தான். ஒரு நோட்டீஸை வைத்துக் கடையை மூடச் சொல்லவில்லை நான். யாருக்கு அதிகாரம் என்ற வழக்கு முடியும்வரை புதிதாக வசூலிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியில் தனிக் கணக்கில், நீதிமன்றத்தின் பார்வையில் கிடக்கட்டும். நேர்மையான கம்பெனிக்குக் கொஞ்சம் சிரமம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கு இழுத்தால் யாருக்கு லாபம் என்பது அப்போது மாறிவிடும். வாய்தா வாங்க ஓடுகிறவர்களே தீர்ப்பைச் சீக்கிரம் கொடுங்கள் என்று நிற்பார்கள்.

நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வத்தலக்குண்டு போகும்போது கேட்க வேண்டும்.