மைதானத்தில் முதல் உரிமை யாருக்கு?

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. செயற்கைப் புல்தரை போட்ட 9 கால்பந்து மைதானங்களைத் தனியார் வசம் விடுவது, ஆட வருகிறவர்களிடம் மணிக்குத் தலைக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பதே அத்தீர்மானம். நாலா பக்கமும் கண்டனம் எழுந்தது. மாநகராட்சி உடனே தீர்மானத்தை வாபஸ் வாங்கியது.

இது மக்களின் வெற்றி. ஆனால் வெற்றி கிடைத்துவிட்டது என்று நாம் சும்மா இருந்துவிடலாமா? கூடாது.

120 ரூபாய் என்றால் என்ன? கணக்குப் பார்ப்போம். பக்கத்துக்கு 11 பேர். மொத்தம் 22 பேர். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 2,640 ரூபாய்! ஒரு பையன் மாதத்தில் 25 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பழகினால் 3,000 ரூபாய்! மூட்டை தூக்கும் தகப்பனும், வீட்டு வேலைக்குப் போகும் தாயும் இப்பணத்துக்கு எங்கே போவார்கள்? வியாசர்பாடியின் சந்துகளிலிருந்து எத்தனையோ கால்பந்து வீரர்கள் கிளம்பினார்களே, அவர்கள் மணிக்குக் காசு கட்டியா ஆடப் பழகினார்கள்?

1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகரசபைகளின் பணிகளுக்கு ஒரு பட்டியல் தந்திருக்கிறது. தெருவிளக்கு அதில் இருக்கிறது. பூங்காவும் விளையாட்டு மைதானமும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. தெருவிளக்கு வெளிச்சத்தில் நடக்கிறவனிடம் அடிக்கு இவ்வளவு என்று யாரும் காசு கேட்பதில்லை. மைதானத்தில் ஓடுகிற பிள்ளையிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

“பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புல்தரை தேயும், விளக்குக்கு மின்சாரம் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். அச்செலவை முதலில் மாநகராட்சியின் பொது வருமானம் ஏற்கட்டும். அதற்கு மேல், விளம்பரத்துக்காகப் போட்டி நடத்தும் கம்பெனிகளிடமும், கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் நிலையங்களிடமும் தாராளமாக வசூலிக்கட்டும். நாம் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. காசு கொடுத்தவன் நேரத்தையும் கேட்பான். மாலை 5 மணியும் ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்குப் போகும். உச்சி வெயில் ஏழைப் பிள்ளைக்கு மிஞ்சும். ஆகவே, முதலில் மக்களுக்குரிய நேரத்தை ஒதுக்க வேண்டும். எஞ்சிய நேரத்துக்குத்தான் கட்டணம் பேச வேண்டும். முறை மாறினால் மைதானம் பறிபோகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலவசம் என்பதாலேயே மைதானம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஒழுங்கு இல்லாத இடத்தில் வலுத்தவன் வைத்ததே சட்டம். பெரிய பையன்கள் நடுவில் ஆடுவார்கள். சிறுவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். பெண் குழந்தைகள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கோப்பைப் போட்டி என்று நாள்கணக்கில் மைதானத்தைப் பிடித்துக்கொள்ளும் வாலிபர் மன்றங்களில் நம்முடையவையும் உண்டு. பணக்காரனைத் தட்டிக் கேட்கிற நாம், நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

எனவே நாம் கோருவது இதுதான்:

பகலில், சொந்த மைதானம் இல்லாத பள்ளிகளுக்கு முதலிடம். மாலை 4 முதல் 6 வரை வட்டாரச் சிறுவர் சிறுமியருக்கு. அதில் வாரத்தில் இரண்டு நாளாவது பெண் குழந்தைகளுக்கு மட்டும். 6 மணிக்கு மேல் வேலை முடித்து வரும் வாலிபர்களுக்கும் வட்டார மன்றங்களுக்கும் முறை வைத்து. இவர்கள் எவரிடமும் ஒரு காசும் வாங்கக் கூடாது. எஞ்சிய நேரம் மட்டும் கட்டணத்துக்கு. நேரப் பட்டியலும் மாத வரவு செலவும் மைதான வாசலில் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இதை அதிகாரியின் மேஜையில் முடிவு செய்யக் கூடாது. வார்டுதோறும் பகுதி சபைகள் கூட்டத் தமிழ்நாட்டில் 2022-ல் ஏற்பாடு வந்திருக்கிறது. அச்சபையில் மைதானப் பிரச்சினையை எழுப்புவோம். தாய்மார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் அழைத்துச் செல்வோம். அங்கே நேரப் பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம்.

வாபஸ் வாங்கிய தீர்மானம் நாளை வேறு பெயரில் வரலாம். அன்று அதைத் தடுக்கப் போவது நமது பழைய வெற்றியல்ல. வாசலில் எழுதி வைத்த பட்டியலும் அதைக் காத்து நிற்கும் வட்டார மக்களுமே.