‘மீனவர்’ என்றால் யார்?

‘மீனவர்’ என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது என்று இலக்கணம் சொல்லுகின்றது. ஆனால் பழவேற்காட்டு ஏரியில் பங்கு பிரிக்கும்போது அந்தச் சொல்லுக்கு மீசை முளைத்துவிடுகின்றது!

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை வழிவழியாய் இருந்து வருகின்றது. எவர் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்வதே அது. ஒருவர் பிழைப்பை ஒருவர் பறிக்காமலிருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பங்காளியாகும் யோக்கியதையோ, ஜாதிக்குட்பட்ட, கல்யாணமான ஆணுக்கு மாத்திரமே! ஒரு பெண்ணைக் கட்டிக் கொண்டதால் ஆணுக்குப் பங்கு வருகின்றது. அவனைக் கட்டிக் கொண்ட பெண்ணுக்கு ஒன்றுமில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் காசாக்குவது யார்? சேற்று நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளப் பெண்கள் மீனவரல்லாமல் வேறு யார்?

பேச்சிலும் இதே கதைதான். ஆண் ‘அவர்’, பெண் ‘அவள்’. “சொல்லில் என்ன இருக்கிறது?” என்று சில பண்டிதர்கள் கேட்கின்றார்கள. ஒன்றுமில்லையென்றால், அவர்களை அவர்கள் பெண்ஜாதிமார் நாலு பேர் முன்னிலையில் ‘அவன்’ என்று சொல்லச் சம்மதிப்பார்களா?

ஆனால் சொல் மாத்திரம் மாறினால் போதுமென்றும் நாம் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்து இக்போ மொழியில் ‘அவன்’, ‘அவள்’ என்ற பேதமே கிடையாது; இருவருக்கும் ஒரே சொல். அந்நாட்டு ஒகுட்டா ஏரிக்கரையில் பிறந்த புளோரா நுவாபா அம்மையார் 1966-இல் ‘எஃபுரு’ என்ற நாவலை வெளியிட்டார். அதில் வரும் எஃபுரு வியாபாரத்தில் கெட்டிக்காரர். புருஷன் மதிக்காத வீட்டில் கிடந்து அழாமல் வெளியேறுகிறவர். அப்பேர்ப்பட்டவரையும் ஊரார், பிள்ளை உண்டா என்றுதானே அளந்து பார்க்கின்றார்கள்! ஆகவே உரிமையில்லாத சொல் வெறும் கூடு என்பது விளங்கவில்லையா?

பெண்களுக்கும் சமசொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. பிதிரார்ஜித சொத்தில் பெண்மக்களுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். நிலத்துக்கு வந்த நியாயம் தண்ணீருக்கு வரவேண்டாமா? பெண் வலையைத் தொட்டால் தீட்டு என்று யாராவது சொல்ல வருவாரானால், அவள் மீன் விற்றுக் கொண்டுவரும் காசில் அந்தத் தீட்டு ஏன் ஒட்டவில்லை என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

ஆகையால் ஏரிக்கரைத் தோழர்களைக் கேட்டுக் கொள்கின்றோம்: பெண்ணையும் ‘அவர்’ என்று சொல்லுங்கள், சொல்லிய வாயாலேயே சீட்டில் அவர் பெயரையும் கூப்பிடுங்கள். இரண்டிலொன்றை மாத்திரம் செய்வது ஏமாற்றே ஆகும்.