யாரும் வாசிக்காத பக்கமா?

வணிக இணையத்தளங்களில் ‘எம்மைப் பற்றி’ என்னும் பக்கம் பெரும்பாலும் கடைசியாகத்தான் எழுதப்படுகிறது. பொருள்களின் படமும் விலையும் ஏற்றிய பிறகு, இடத்தை நிரப்ப நாலு வரி. இதற்கு அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்களான அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வியாபாரிகள் சொல்லும் நியாயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. கடையை ஊருக்கே தெரியும். பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் போதும். எழுதத்தான் வேண்டுமென்றால் தொலைநோக்கையும் பணிக்கூற்றையும் ஆங்கிலத்தில் போட்டால் மதிப்பாக இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இவற்றில் எதுவும் தேறாது.

யாரும் வாசிப்பதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்றே உண்டு என்பார்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, பங்குபற்றியோரில் 79 சதவீதமானோர் புதிய இணையப் பக்கத்தை மேலோட்டமாகவே கண்ணோட்டினர். ஆனால் அந்த ஆய்வு சொல்வது, எப்படி எழுத வேண்டும் என்பதைத்தான்: சுருக்கமாக, தலைப்புகள் இட்டு, முக்கியமானதை முதலில் வைத்து. எழுதவே வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. தளத்துக்கு வரும் எல்லோரும் ‘எம்மைப் பற்றி’யைத் திறப்பதில்லை என்பது உண்மை. திறப்பவர் யார் என்பதே கேள்வி. பொருள் பிடித்துப்போய், காசு அனுப்பலாமா, இவர்களை நம்பலாமா என்று யோசிப்பவர்தான் அதைத் திறக்கிறார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2002இல் வெளியிட்ட இணைய நம்பகத்தன்மை வழிகாட்டல்கள் பத்தில், தளத்துக்குப் பின்னால் உண்மையான நிறுவனமும் நேர்மையான மனிதர்களும் இருப்பதைக் காட்டுவதும், தொடர்புகொள்வதை எளிதாக்குவதும் இடம்பெற்றிருப்பது இதனால்தான். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுவோருக்குக் கூகுள் கொடுக்கும் கையேடும், ஒரு தளத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதை முதலில் கண்டறியச் சொல்கிறது.

‘ஊருக்கே தெரியும்’ என்பதுதான் இந்தக் கரையில் அதிகம் கேட்கும் நியாயம். மருதமுனைக் கைத்தறியை வைத்து இதைப் பார்க்கலாம். மருதமுனைக்குள் ஒரு நெசவுக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள இணையத்தளம் தேவையில்லை. யாருடைய மகன், எந்தப் பள்ளிவாசல் மஹல்லா, வாப்பா எத்தனை தறி வைத்திருந்தார் என்பதெல்லாம் தெருவில் நிற்பவருக்கே தெரியும். ஆனால் தெருவில் நிற்பவர் சாரம் வாங்க இணையத்துக்கு வருவதில்லை. வருபவர் கொழும்பிலோ தோஹாவிலோ லண்டனிலோ இருப்பவர். அவருக்கு மருதமுனை என்ற பெயர் தெரிந்திருக்கலாம். அந்தக் கடையைத் தெரியாது. தன் முன்னால் உள்ள படம் கைத்தறித் துணியா, இயந்திரத் தறியில் நெய்ததா என்பதும் தெரியாது. அவருக்கு எழுதும் பக்கத்தில் இருக்க வேண்டியவை வேறு. துணி எந்த ஊரில், யாருடைய தறியில் நெய்யப்படுகிறது. நூல் பருத்தியா கலப்பா. சாயம் எங்கே ஏற்றப்படுகிறது, முதற் கழுவலில் நிறம் விடுமா. ஒரு சாரி நெய்து முடிய எத்தனை நாள் ஆகும். இந்தக் கடைசி விவரம் ஓடர் பிந்துவதற்கான காரணத்தையும் விலைக்கான காரணத்தையும் ஒருங்கே சொல்லிவிடும். 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் இந்தக் கரையில் வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. அதன் பின் மீண்டும் தறி நாட்டிய குடும்பம், எந்த ஆண்டில் எத்தனை தறியோடு தொடங்கியது என்பதை இரண்டு வரியில் எழுதினால், அந்த வரிகளை வேறெந்தக் கடையும் எழுத முடியாது.

பொத்துவில், அறுகம்பையில் விடுதி நடத்துவோருக்கும் இதே கதைதான். அலைச்சறுக்குக் காலம் ஏறக்குறைய மே முதல் ஒக்டோபர் வரை. வருபவரில் பலர் வெளிநாட்டார். ஊரில் உள்ள நற்பெயர் அவர்கள் காதுக்கு எட்டாது. அக்கரைப்பற்று அரிசி ஆலைக்காரரும் நெல் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது, பெரும்போகத்ததா சிறுபோகத்ததா, புழுக்கியதா பச்சையா என்று எழுதினால், வெளியூர்க் கடைக்காரர் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்விகள் தீர்ந்துவிடும்.

பேஸ்புக் பக்கம் இருக்கிறதே என்பதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. இன்று இட்ட பதிவு நாளை கீழே போய்விடும். கணக்கு முடங்கினால் எல்லாமே போய்விடும்.

‘தரமே எமது தாரக மந்திரம்’, ‘வாடிக்கையாளர் திருப்தியே எமது இலக்கு’ போன்ற வரிகள் மதிப்பைக் கூட்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. இந்த வரிகளில் கடையின் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையின் பெயரை வைத்துப் பார்த்தாலே போதும். வரி அப்படியே பொருந்தினால் அது நீக்க வேண்டிய வரி. நிறுவியவர் கதைக்கும் இதே அளவுகோல்தான். டில்மா தேயிலையை நிறுவிய மெரில் ஜே. பெர்னாண்டோ, தம் மக்கள் டில்ஹான், மாலிக் இருவரின் பெயர்களையும் இணைத்து அந்தப் பெயரை இட்டார். இந்தக் கதை நிற்பதற்கு உருக்கம் காரணமல்ல. தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் தொழிலில் பழகிய ஒருவர், விளைந்த நாட்டிலேயே பொதிசெய்து சொந்த வணிகப் பெயரில் விற்றார் என்ற செய்தி, வாங்குபவரின் கேள்விக்கு நேரே பதில் சொல்கிறது. அத்தகைய பதில் இல்லாத குடும்ப வரலாறு எத்தனை பத்தி நீண்டாலும் பயனில்லை.

முகவரி, பதிவிலக்கம் எல்லாம் வெளியிடக் கூடாத இரகசியம் என்போரும் உண்டு. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் கடைச் சுவரிலேயே தொங்குகிறது. கடைக்கு வருபவர் பார்க்கலாம் என்றால் இணையத்தில் வருபவர் ஏன் பார்க்கக் கூடாது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு மின்வணிகப் பணிப்புரை, பெயரையும் முகவரியையும் மின்னஞ்சலையும் வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள் இவற்றோடு குறைதீர் அலுவலரின் விவரத்தையும் கேட்கின்றன. உணவுத் தொழிலில் இந்தத் தேவை இன்னும் கூர்மையாகிறது. மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ்ப் பணியிலிருந்து விலகுவதாக 2013இல் அறிவித்து, அப்பணி தனி நிறுவனத்திடம் போனபின், ‘ஹலால்’ என்ற ஒரு சொல் மட்டும் போதாது. சான்றிதழை வழங்கியது யார், அதன் இலக்கம் என்ன, எதுவரை செல்லும் என்பவையும் வேண்டும். ஆனால் ஒரு விதிவிலக்கு நியாயமானது. வீட்டிலிருந்தே தைத்தும் சமைத்தும் விற்கும் பெண்கள் வீட்டு இலக்கத்தைப் போட வேண்டியதில்லை. ஊரின் பெயரும், பதிலளிக்கும் தொலைபேசி இலக்கமும், காசு போக வேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் தெளிவாக இருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால்தான் மதிப்பு என்பது அம்பாறை மாவட்டத்துக்கு அறவே பொருந்தாது. தமிழும் சிங்களமும் பேசுவோர் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். அறுகம்பைக்கு வருவோருக்கு ஆங்கிலம் வேண்டும். ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரி கிடைக்கும் நாட்டில், தமிழில் ஒரு பக்கம் எழுதத் தயங்குவதற்குக் காரணமில்லை. மூன்று மொழியிலும் ஒரே விவரம் இருக்க வேண்டும். கணினி மொழிபெயர்ப்பை அந்தந்த மொழி தெரிந்தவர் ஒருவர் வாசித்துத் திருத்தியே ஏற்ற வேண்டும்.

தளம் வைத்திருப்போர் இன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஊரைத் தெரியாத ஒருவரின் கண்ணால் வாசித்துப் பார்க்க வேண்டும். பெயர், இடம், தொடங்கிய ஆண்டு, பதிவிலக்கம், அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கம் ஆகியவற்றில் எது இல்லையோ, அதை முதலில் எழுதட்டும்.