பதிவோடு கேட்க வேண்டிய கேள்விகள்

தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் பெண்கள் கர்ப்பத்தைப் பதிந்து பெறும் பிக்மி எண்ணுக்காக நர்சம்மாவைத் தேடிப் போகிறார்கள். 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முழுதாகக் கிடைக்கும் என்பது குக்கிராமத்திலும் தெரியும். அந்த வாரங்களில் ஓர் உயிரையே காக்க முடியும். ஆனால், பல இடங்களில் எடை, ரத்தம், ஆதார், வங்கிக் கணக்கு என்பதோடு பதிவு முடிந்துவிடுகிறது.

ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உண்டா? தாய்க்கோ அக்காவுக்கோ பிரசவத்தில் ஜன்னி கண்டதா? போன முறை பிரஷர் ஏறியதால் குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்களா? உட்காரவைத்துக் கேட்டால் ஐந்து நிமிடம் ஆகாது.

கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் பிரீஎக்லாம்ப்சியா என்ற நோய் யாருக்கு வரக்கூடும் என்று இந்தக் கேள்விகள் முன்கூட்டியே காட்டும். 34 வாரத்துக்கு முன்பே தாக்கினால் அது மிகக் கொடியது. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தரும் கர்ப்பப்பை நாளங்கள் ஆரம்ப மாதங்களில் சரியாக விரியாததே அதன் வேர். பிரஷர் 140/90-ஐத் தொடுவதும் சிறுநீரில் புரதம் (பேச்சுவழக்கில் ‘உப்பு’) இறங்குவதும் பிறகுதான் தெரியவரும். தாய்க்கு வலிப்பு வரலாம், கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகலாம். குழந்தை வளர்ச்சி குன்றும்; சில சமயம் வயிற்றிலேயே இறந்துபோகும். பிரசவம்தான் தீர்வு என்பதால், தாயைக் காக்க 28, 30 வாரத்திலேயே குழந்தையை வெளியே எடுக்க வேண்டிய நிலை வருகிறது. ஒரு கிலோவை ஒட்டிய அந்தச் சிசு இன்குபேட்டரில் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்த எந்தக் குடும்பமும் அதை மறக்காது.

ஆபத்துள்ள பெண்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் பலருக்கு இதைத் தடுக்கலாம். 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், தினமும் இரவில் 150 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 37 வாரத்துக்கு முந்தைய பாதிப்பு 62 சதவிகிதம் குறைந்தது. மிக மலிவான மாத்திரை இது. மருத்துவர் சொல்லாமல் யாரும் தாமாக வாங்கிப் போடக் கூடாது. ஆறாம் மாதம் பிரஷர் ஏறிய பிறகு தொடங்கிப் பயனில்லை. அதனால்தான் கேட்கப்படாத அந்தக் கேள்விகளை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

சுகாதாரத் துறை அந்தக் கேள்விகளைப் பதிவின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். ‘கால் வீக்கம் சகஜம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், ஒவ்வொரு முறையும் பிரஷரும் சிறுநீரும் பார்க்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல் என்று வருபவரைக் காக்கவைக்கக் கூடாது. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டின் முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்ட பிறகுதான் 108-ல் ஏற்ற வேண்டும்.

பாதிக்கப்பட்டு வீடு திரும்பும் தாயின் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரும், ‘அடுத்த கர்ப்பத்தில் மூன்று மாதம் முடிவதற்குள் மருத்துவரைப் பாருங்கள், பிரஷரை ஆயுள் முழுக்கக் கவனியுங்கள்’ என்ற வரியும் தமிழில் இருக்க வேண்டும்.