கண்டிக் குளிரை நம்பி ஹஸ்கியா?

ஓடியாடும் குடும்பம், முதல் நாய், கண்டிக் குளிர் மூன்றுக்கும் ஹஸ்கிதான் தோது என்று வாதாடுகிறார் நண்பர். எந்தக் குளிர்? நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர்தான். பங்குனி மத்தியானத்தில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நடந்து பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனத்துக்கு இரட்டை அடுக்கு மயிர். அதை மின்விசிறிக்குக் கீழே கிடத்திவிட்டு ஓடியாடும் நாய் என்பது என்ன நியாயம்?

ஞாயிறில் குடும்பமாக ஹந்தானை மலை ஏறுவது நல்லதுதான். மற்ற ஆறு நாளும் பள்ளிக்கூடம், டியூஷன், பஸ் என்று குடும்பம்தான் ஓடுகிறது, நாய் ஓடுவதில்லை. ஹஸ்கி சும்மா கிடக்காது; வேலிக்கு அடியில் தோண்டும், அவிழ்த்துவிட்டால் கூப்பிட்டும் திரும்பாது. உடவத்தகலே காட்டுக்குப் பக்கத்து வீடென்றால் மதிலில் குரங்கு வந்து குந்தும். நாய் வளர்த்துப் பழகாதவர் அந்த நேரம் சங்கிலியைப் பிடித்து நிற்பாரா?

லாப்ரடோர் என்றால் பேசலாம், மிச்சச் சோற்றையெல்லாம் கொட்டிக் கொழுக்கவைக்காவிட்டால். என் கட்சி ஊர் நாய்தான்: குட்டை மயிர், நடுத்தர உடம்பு, மலையேற்றத்துக்குச் சளைக்காது. உண்ணிக்காய்ச்சல் அதற்கும் வரும். ஹந்தானையிலிருந்து இறங்கியதும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பார்க்கவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியும் வருடாவருடம் தப்பக்கூடாது. இன்னும் சந்தேகமென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஹஸ்கிக் குட்டிக்கு முற்பணம் கட்டுமுன் நண்பர் அங்கே ஒருதரம் விசாரித்துவிட்டு வரட்டும்.